அம்மனைவிட உயர்ந்த வீடு

14 ஆகஸ்ட் 1927, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும், காலைப் பிடித்துக் கேட்கிறேன், மேலே படிக்க வேண்டாம். படித்துவிட்டால் யாருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் காட்டினால் எனக்கு அடி விழும், அது பரவாயில்லை. இது பக்கிரிசாமி மாமா வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது. போனால் எங்களை இந்த ஆற்றோரத்தில் இருக்க விடமாட்டார்கள்.

என் பெயர் சந்திரகலா. வேண்டியவர்கள் கலா என்பார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு.

இன்று எங்கள் வீட்டுக்குத் தரை போட்டு முடிந்தது. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். போன டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரக் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதிலிருந்து ரயில்வே கொட்டகையில் கிடந்தோம். நிவாரணக் கமிட்டி மரமும் கூரைக்கு அத்தாப்பு ஓலையும் கொடுத்தது. ஒரே நிபந்தனைதான்: வெள்ளம் ஏறி நின்ற அளவுக்கு மேலே தரை இருக்க வேண்டும். ஓவர்சியர் ரெங்கசாமி ஐயா தூங்குமூஞ்சி மரத்தில் அந்த அளவுக்குத் தாரால் கோடு போட்டார். கோடு அப்பாவின் கழுத்துக்கு வருகிறது. இனி எல்லா வீடும் மலாய்க்காரர் கிராமமான கம்பத்து வீடு மாதிரி கால் மேல் நிற்கும்.

அப்பா ரயில்வே பட்டறையில் தச்சர். அதனால் எல்லார் வீட்டுக்கும் அவர்தான் தூண் அளந்து துளை போட்டுக் கொடுத்தார். தூணில் துளை, துளைக்குள் உத்திரம், உத்திரத்தின் மேல் பலகை. துளை எந்த உயரமோ தரை அந்த உயரம்.

அம்மாதான் முதலில் ஏறினாள். பலகையைக் கையால் தட்டினாள், மரத்துக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள், "போதும்" என்றாள்.

பழைய வீட்டில் தம்பி விஜயனின் ஏணை, சேலைத் தொட்டில், உயரமாகத்தான் கட்டியிருந்தது. தண்ணீர் அதற்கும் மேலே வந்தது. அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

அப்படியானால் பயம் எதற்கு? வெள்ளிக்கிழமை பூசையில் நடந்ததற்கு. அப்பா புரள்கிறார். நாளை.

15 ஆகஸ்ட்

எங்கள் அம்மன் செதுக்கிய சிலை இல்லை. மண்ணிலிருந்து தானாக முளைத்த கல். என் இடுப்புக்குக்கூட வராது. வெள்ளம் வடிந்தபோது உச்சி மட்டும்தான் சேற்றுக்கு வெளியே தெரிந்தது. ஆண்கள் அழுதுகொண்டே தோண்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நல்லம்மாள் அத்தைக்கு அருள் வந்தது. அவர் கோயில் தலைவர் பக்கிரிசாமி மாமாவின் மனைவி. என் சிநேகிதி புஷ்பவல்லியின் அம்மா. மற்ற நாளில் எனக்கு வடை கொடுத்து, "தின்னுடி, எலும்பா இருக்கே" என்று சொல்கிற அத்தைதான். அன்றைக்கு அந்தக் குரலே இல்லை.

"என் தலைக்கு மேல காலை நீட்டிப் படுப்பீங்களாடா? போன வாட்டி சேத்துல பொதைச்சீங்க, இப்ப காலடியில வைக்கிறீங்களா?"

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான். அம்மா போட்டுக்கொள்ளவில்லை. அத்தை அதைப் பார்த்தார். அருள் வந்த கண்ணால் பார்த்தாரா, சொந்தக் கண்ணால் பார்த்தாரா, தெரியவில்லை.

20 ஆகஸ்ட், சனி

ஓவர்சியர் ஐயா வந்து ஒவ்வொரு வீடாக நீளக் கம்பு வைத்துப் பார்த்தார். எல்லா வீடும் கோட்டுக்கு மேலே. "உங்க அப்பா நல்லா செஞ்சிருக்காரு" என்று என் தலையைத் தட்டினார். பக்கிரிசாமி மாமா கும்பிட்டபடி நின்றார். "ஐயா போட்ட கோட்டைத் தாண்டுவோமாங்க?"

ஐயாவுக்கு இனிமேல் கிள்ளானில் வேலையாம். அங்கேயும் வெள்ளம் வீடுகளைக் கொண்டுபோயிருக்கிறது. வருஷக் கடைசியில்தான் இந்தப் பக்கம் வருவார்.

அவர் ரிக்ஷா திரும்பியதும் ஆண்கள் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

3 செப்டம்பர்

கொட்டாப்புளிச் சத்தம், அப்பாவின் மரச் சுத்தியல். உளி மேல் துணி சுற்றி அடித்தால் வரும் சத்தம். பக்கிரிசாமி மாமா வீட்டுப் பக்கமிருந்து வருகிறது. அப்பா படுக்கையில் இல்லை.

4 செப்டம்பர், ஞாயிறு

காலையில் போய்ப் பார்த்தேன். மாமா வீட்டுத் தரை அம்மன் உச்சிக்குக் கீழே, என் முழங்காலுக்கு வந்துவிட்டது. தூண்கள் அப்படியே நிற்கின்றன, கூரையும் அப்படியே. உத்திரத்தை மட்டும் உருவி, கீழே வேறு துளை போட்டு இறக்கியிருக்கிறார்கள். பழைய துளைகள் மேலே காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு தூணிலும் ஒரு கண்.

புஷ்பவல்லி தரையிலிருந்து குதித்துக் காட்டினாள். "பாரு, இனிமே விழுந்தாகூட அடிபடாது!"

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

18 செப்டம்பர், ஞாயிறு

எல்லா வீட்டிலும் கண். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

இன்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள்.

"நீங்க போட்ட துளையை நீங்களே பாழாக்குறீங்களே, கை கூசல?"

"நான் செய்யலேன்னா அவனுங்களே வெட்டுவானுங்க. கோணலா வெட்டி வீடே சாஞ்சு ஆளு சாவும். அதுக்கு நான் ஒழுங்கா போட்டுக் குடுக்கறது மேலு."

"சரி, அவங்க வீடு அவங்க பாடு. நம்ம வீடு?"

அப்பா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "கோயில் கூட்டத்துல வாக்குக் குடுத்துட்டேன் வீரம்மா. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறதுக்குள்ள நம்ம தரையும் எறங்கும்" என்றார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"அம்மனுக்கு மேல தூங்குனா நல்லதாடி?"

"அம்மனுக்கு நீந்தத் தெரியும்போல. சேத்துக்குள்ள கெடந்து எந்திரிச்சு வந்துட்டா. என் புள்ளைக்குத் தெரியல."

அம்மா இப்படிச் சொல்லலாமா? அம்மனே, அவளை ஒன்றும் செய்துவிடாதே. எனக்கு வேறு அம்மா இல்லை.

19 செப்டம்பர்

அம்மனைத் தூக்கி மேடை கட்டி வைத்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். எவ்வளவு சுலபம்! அப்பா என் வாயைப் பொத்தினார். "மொளைச்ச கல்லுடி. வேரு எங்க இருக்குன்னு யாரு கண்டா? வெளிய எங்கயும் கேட்டுடாதே."

27 செப்டம்பர், செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் புஷ்பவல்லி என் பக்கத்திலிருந்து எழுந்து முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். "மேல் வீட்டு மகாராணி, எங்களையெல்லாம் தெரியுதா கீழ?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி குரங்கு மாதிரி சொறிந்து காட்டினாள்.

மத்தியானம் தனியாகக் கிடைத்தபோது கேட்டேன்: "உனக்குப் பயமா இல்லையா? தண்ணி வந்தா?"

"எதுக்கு வரும்? அம்மனுக்குக் கோவம் வந்தாதான் தண்ணி வரும். உங்கம்மாவாலதான் கோவம் வரும்." அப்புறம் மெதுவாக, "எங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்ல. உங்க வீட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு" என்றாள்.

அதிலிருந்து என் பாயை அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அம்மா குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

9 அக்டோபர், ஞாயிறு

அப்பா இன்று உளியை எடுத்துவிட்டார். பக்கிரிசாமி மாமாவும் இன்னும் சில ஆண்களும் உத்திரத்தைப் பிடிக்க வந்து நின்றார்கள்.

அம்மா உள்ளே போய்த் தரை நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் அரிசி முறம். கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எறங்கு தங்கச்சி," என்றார் மாமா. மாமா கெட்டவர் இல்லை. வெள்ளத்தன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் மேட்டுக்கு ஓடியவர் அவர்தான்.

"எறக்குங்கண்ணே. என்னோட சேத்து எறக்குங்க."

"ஊருக்கு ஒரு கட்டுப்பாடு வேணாமா?"

"மலாய்க்காரங்க கம்பத்துல ஒரு வீடு போகலையே அண்ணே. நீங்களும்தானே பாத்தீங்க."

"அவங்க வாசல்ல அம்மன் இல்லம்மா. நமக்கு இருக்கா."

அம்மா கல்லைப் பொறுக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். அது ஒருவர் தலையில் பட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு பெட்டியில் போட்டார்.

மாமா போகும்போது படியைக் காலால் ஒரு உதை விட்டார். மூன்றாவது படி அதிலிருந்து கிரீச்சிடுகிறது.

10 அக்டோபர்

படிக்குப் பக்கத்துத் தூணின் அடியில் மரத்தூள். ரம்பம் பாதி வரை போய் நின்றிருக்கிறது. என் விரல் முழுசாக உள்ளே போகிறது.

ராத்திரி ஒரு சத்தமும் கேட்கவில்லையே! மழை பெய்தது. மழையில் எதுவும் கேட்காது.

11 அக்டோபர்

அப்பா பட்டறையிலிருந்து இரும்புப் பட்டை கொண்டுவந்து தூணைச் சுற்றி அடித்தார். யார் வெட்டினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. மூன்றாவது படியை ஏன் சரிசெய்யவில்லை என்று நான் கேட்டேன்.

"இருக்கட்டும். யாராவது ஏறினா தெரியும்."

இப்போது ராத்திரியெல்லாம் அந்தப் படியைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். அப்பா ஏறினால் நீளமாகக் கிரீச்சிடும். அம்மா ஏறினால் சின்னதாக. பூனைக்குச் சத்தம் வராது.

26 அக்டோபர், புதன்

தீபாவளிக்கு யாரும் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்ததும் திரும்பி வந்தது. முறுக்கின் மேல் எறும்பு.

படியில் எலுமிச்சம்பழம், குங்குமம் தடவி, இரண்டாக வெட்டியது. அம்மா அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "நல்ல பழம். ஊறுகா போட்டிருக்கலாம்" என்றாள். ஆனால் அப்புறம் கையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

28 அக்டோபர், வெள்ளி

ஒரு வழி பிறந்திருக்கிறது. இதுவும் அம்மா சொன்னதுதான்.

ஆடியில் நடக்க வேண்டிய திருவிழா. கோயில் சேறாகக் கிடந்ததால் இந்த வருஷம் ஐப்பசிக்குத் தள்ளிவைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காப்பு. காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும் வரை யாரும் அம்மனுக்கு மேலே படுக்கக்கூடாது. மாமா நேரில் வந்து அப்பாவிடம், எங்கள் தரை இறங்காவிட்டால் காப்பே கட்டப்போவதில்லை, திருவிழா நின்ற பாவம் எங்கள் தலையில் விழட்டும் என்றார்.

அம்மா உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "படுக்கக்கூடாது, அவ்வளவுதானே? நாங்க வீட்டுக்கு அடியில, மண்ணுல படுத்துக்கறோம். தரை இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

மாமா யோசித்தார். நல்லம்மாள் அத்தையைக் கேட்டுவிட்டு வந்தார். "சரி. ஆனா காப்பு முடிஞ்சதும் தரை எறங்கணும். அதுக்கு நடுவுல ஒரு ராத்திரி நீங்க மேல ஏறினது தெரிஞ்சுது, இந்த வீட்டுல ஒரு தூண் நிக்காது, கன்னையா. நானே வெட்டுவேன்."

அப்பா தலையாட்டினார்.

1 நவம்பர், செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. வீட்டுக்கு அடியில் படுத்து, அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். தலைக்கு மேலே எங்கள் தரை. அதன் அடிப்பக்கத்தை இதுவரை நான் பார்த்ததில்லை. அப்பா ஒவ்வொரு உத்திரத்திலும் ஆப்பு அடித்து, ஆப்பின் மேல் தார் பூசியிருக்கிறார். மற்ற வீடுகளில் அப்படிச் செய்யவில்லை. அப்படியானால் இதை இறக்கவே கூடாது என்று ஆரம்பத்திலேயே நினைத்தாரா? நினைத்துவிட்டுத்தான் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தாரா?

மண் ஈரமாக இருக்கிறது. பம்பைச் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கிறது.

3 நவம்பர்

அம்மாவுக்கு இருமல்.

4 நவம்பர், வெள்ளி

ஆறு பால் ஊற்றிய தேநீர் மாதிரி ஓடுகிறது. வடக்கே, வெள்ளீயச் சுரங்கங்கள் இருக்கிற பக்கம், மூன்று நாளாக வானம் கறுத்தே இருக்கிறது. இங்கே வெயில். "சொரங்கத்து மணல் வந்து ஆத்து வயிறு ரொம்பிடுச்சு. இன்னும் எங்க போயி குடிக்கும்?" என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது பல் கிட்டியது. காய்ச்சல் ஏறிவிட்டது.

புஷ்பவல்லி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கை காட்டினேன். அவள் காட்டவில்லை, ஆனால் போகவும் இல்லை.

6 நவம்பர், ஞாயிறு

நாங்கள் மேலே ஏறிவிட்டோம்.

மத்தியானத்திலிருந்து மழை. இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு அடியில் தண்ணீர் கசிந்து பாய் நனைந்தது. மழைத் தண்ணீர்தான் என்றார் அப்பா. அம்மாவின் உடம்பு கொதித்தது, தன் பெயரே தெரியவில்லை. அப்பா ரொம்ப நேரம் கோயில் விளக்கைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். அப்புறம் அம்மாவைக் குழந்தை மாதிரி அள்ளித் தூக்கிக்கொண்டு படியேறினார். படி நீளமாகக் கிரீச்சிட்டது. ஊருக்கே கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவைப் படுக்கவைத்து, காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்து, கம்பளி போர்த்தினார். பிறகு, "நான் பக்கிரிசாமி வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்துடறேன். ஒளிஞ்சு ஏறினோம்னு இருக்க வேணாம். வேணும்னா என் கையை வெட்டட்டும். அவங்க புள்ளைங்களையும் மேல கூட்டியாந்துடறேன்னு கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

"வேணாம்ப்பா. வெட்டுவேன்னு சொன்னாங்கப்பா."

"கதவைத் தாழ் போட்டுக்கோ. ஜன்னலைத் தொறக்காதே, வெளிச்சம் தெரியும். நான் வந்தா படி சொல்லும்."

அவர் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அத்தாப்பின் மேல் மழை விழுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. விளக்குத் திரியை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிவிட்டேன். எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

பம்பை நின்றுவிட்டது. எப்போது நின்றது? நான் கவனிக்கவில்லை. திருவிழா ராத்திரி பம்பை நிற்காது. எல்லாரும் கூடிப் பேசுகிறார்களா? ரம்பத்தை எடுக்கப் போயிருக்கிறார்களா? அப்பாவை என்ன செய்தார்கள்?

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த இடுக்கில் எப்போதும் அம்மன் விளக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. காற்று அணைத்திருக்கும்.

தரைக்கு அடியில் யாரோ இருக்கிறார்கள். தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே. எந்தத் தூணை முதலில் அறுக்கலாம் என்று தட்டுகிறார்களா? எங்கள் பானையும் பலகையும் அங்கேதான் இருக்கின்றன. அதை நகர்த்துகிறார்களோ?

அம்மா கண் திறந்தாள். "ஏணை ஆடுதா பாருடி கலா," என்றாள். "புள்ள நனையப் போறான்."

"ஆடலம்மா. தூங்குங்க."

அப்பா வந்தால் மூன்றாவது படி சொல்லும். அவர்கள் எல்லாரும் சேர்ந்து வந்தாலும் சொல்லும். காதை அந்தப் பக்கமே வைத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. சொல்லாத வரை ஒன்றுமில்லை. அம்மனே, நாங்கள் வேண்டுமென்று ஏறவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். உனக்கே தெரியும்

தட்டுகிறார்கள்.

படி கிரீச்சிடவே இல்லை. ஒருவரும் ஏறி வந்த சத்தம் இல்லை. மறுபடியும் தட்டுகிறார்கள். கதவின் நடுவில் இல்லை. அடியில், தரையோடு தரையாக. சின்னக் கை. கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வருகிறது. புஷ்பவல்லியின் குரல், கலா, கலா என்று